மணியண்ணனின் கரகரப்புப் பெட்டி

எங்கள் தொழிலில் சாமான் நன்றாக ஓடினால் அதைச் செய்த கம்பெனிக்குப் பேர். ஓடாவிட்டால் கடைசியாகத் திருகாணியைக் கழற்றியவனுக்குப் பேர். எலெக்ட்ரிக் கித்தார் சாமான்களைப் பழுது பார்க்கும் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்சந்தில் கடை போட்டு, நானும் இந்தப் பேரை நிறையவே சம்பாதித்திருக்கிறேன்.

சுத்தமான வேலை

மாக் மண்டின் பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்யும் மணியண்ணன், பழைய ஃபஸ் பெடல் ஒன்றைக் கொண்டுவந்தார். காலால் அழுத்தினால் கித்தார் ஓசையைக் கரகரவென்று உறுமவைக்கும் இரும்புப் பெட்டி அது. மகளின் கல்யாண விருந்தில் மணமக்கள் உள்ளே நுழையும்போது அப்பாதான் இந்தப் பெட்டியோடு வாசிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வாசலிலேயே நின்றுவிடுவேன் என்று மகள் சொல்லிவிட்டாள். பெட்டியோ வீட்டில் சற்று உறுமிவிட்டுத் தானாக அடங்கிப்போகிறதாம்.

“விடுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்று மார்தட்டினேன். உள்ளே இருந்த பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கிவிட்டுப் புதுரகம் போட்டேன். ஒரு பிசிறு இல்லை. என் கைவேலையில் நானே சொக்கிப்போனேன். மணியண்ணன் வாசித்துப் பார்த்தார், முகம் தொங்கிவிட்டது.

“தம்பி, ரொம்ப மரியாதையா பேசுதுலா. நான் கேட்டது இது இல்லையே.”

கடைக்குள் வீரம்

குப்பைக்கூடையைக் கிளறிப் பழையதையே தேடியெடுத்துப் பொருத்தினேன். பெட்டி உறுமியது. அண்ணனுக்குச் சந்தோஷம், எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மத்தியானம், பாயான் பாருவில் தன் வீட்டு வாசலில் போட்ட கெமா பந்தலுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

“உன் கடையில நல்லாத்தான் கத்துச்சு. இங்க சளி புடிச்ச மாதிரி முனகுது. கடையையும் சேத்து அனுப்பிவிடுறியா?”

ஐஸ் வாளி

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது. நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் கடை ஏர்கோன் குளிருக்கு நேர்கீழே! விருந்தன்று நானே போனேன். பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் வாளிக்குள் வைத்தேன். அண்ணன் வாசிப்பார், பக்கத்தில் குந்தி நான் கையால் அழுத்துவேன் என்று ஏற்பாடு.

மணமக்கள் படம் எடுக்கப் போனவர்கள் வரவே இல்லை. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. பானம் வைத்திருந்த மேசையிலிருந்து இரண்டு தடவை அள்ளி வந்தேன். ஓர் அக்கா என்னிடம் கப்பை நீட்டி சிராப் சர்பத் கேட்டார். மேசையைக் கைகாட்டிவிட்டு வாளியை அணைத்துக்கொண்டேன். அந்தப் பெண் வாழ்க்கையில் ஒரே தடவை கேட்ட ஆசை, என் வாளிக்குள் இருந்தது.

வாசலில் மணமக்கள் தெரிந்தார்கள். அண்ணன் கம்பியைத் தட்டினார், நான் அழுத்தினேன். கெமாவே அதிர உறுமியது பெட்டி. மகள் மாப்பிள்ளை கையை விட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

“அம்மா ஏசுற சத்தத்தையே அமுக்கிருமே, அதே சத்தம்ப்பா!”

கல்யாண ஆல்பம் வந்துவிட்டது. அந்த உறுமலைக் காப்பாற்றிய நிபுணனான நான், எல்லாப் படத்திலும் வாளியோடு குந்தியிருக்கும் சிராப் கலக்குகிறவனாகத்தான் பதிவாகியிருக்கிறேன்.