அக்காவுக்கும் ஒரு நோட்டீஸ்

மஞ்சக் கடுதாசி கொடுப்பது என்றால் உண்மையிலேயே காகிதம் மஞ்சளாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்புறம் ஒரு மாடியில் இருந்த வக்கீலம்மாவின் மேசையில் எல்லாமே வெள்ளைக் காகிதம். திவால் மனுவுக்குத் தனி நிறம் கிடையாதாம். எனக்கு ஏனோ சிறு ஏமாற்றமாக இருந்தது.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்குக் கணக்கெழுதும் வேலை. கடைக் கணக்கு ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குக் கிளம்பமாட்டேன். சொந்தக் கணக்கை மட்டும் பார்க்காமலே இருந்துவிட்டேன். மனைவியின் ஆபரேஷன், பையனின் ஸ்கூல் ஃபீஸ், தவணையில் ஃப்ரிட்ஜ். ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டு, அதை அடைக்க செல்போனில் கடன் தரும் ஆப். ஊதாரி என்று திட்டினார்கள். ஊதாரியாக இருந்திருந்தால் ஊட்டிக்காவது ஒருமுறை போய்வந்திருப்பேன்.

வசூல்காரர்கள் காலைக் காப்பிக்கு முன்பே போன் செய்வார்கள். ஒருவன் ‘சார், சார்’ என்று பவ்யமாகத் தொடங்கி, போகப்போக, “இன்னா சார், துட்டு வாங்கும்போது இனிச்சுதா?” என்பான். கடைக்கும் போன் போனது. முதலாளி என்னைக் கல்லாவில் உட்காரவைப்பதை நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அலுப்பாக இருந்தது. அந்த அலுப்போடுதான் வக்கீலம்மாவின் மாடிப்படி ஏறினேன்.

அவர் என் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இங்கே ரொக்கமா ஒரு பெரிய தொகை கட்டியிருக்கேளே, எங்கேர்ந்து வந்தது?”

“அது எங்க அக்கா குடுத்தது மேடம். கடன் இல்ல.”

“திருப்பித் தரணுமா, வேண்டாமா?”

“தரணும்.”

“அப்போ கடன்தான். பேரும் விலாசமும் எழுதுங்கோ. கடன் குடுத்த எல்லாருக்கும் நோட்டீஸ் போகும். அவாத்துக்கும் போகும்.”

எங்கள் வீட்டில் அக்கா கொடுத்ததைக் கடன் என்று யாரும் சொல்லமாட்டோம். காலையில் போன் செய்து திட்டுகிறவர்களோடு அவள் பெயரையும் சேர்ப்பது அவளை வைவது மாதிரி. அதனால்தான் கடன் பட்டியலில் அவளை விட்டிருந்தேன். இன்னொரு விஷயமும் இருந்தது. அக்கா தன் வளையல்களை அடகு வைத்துத்தான் அந்தப் பணத்தைக் கொடுத்தாள். அது அவள் வீட்டுக்காரரான மாமாவுக்குத் தெரியாது. அன்றிலிருந்து கையில் கவரிங் வளையல்.

“அவங்கள மட்டும் விட்டுட முடியாதா மேடம்?”

“பொய்ப் பிரமாணத்துல நான் கையெழுத்து வாங்கமாட்டேன்,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கோர்ட் உங்களைக் கடன்லேர்ந்து விடுவிச்சப்புறம் நீங்களா அக்காவுக்குக் குடுத்தா யாரும் தடுக்கப்போறதில்லை. இப்போ அவாளும் வரிசையில நிக்கத்தான் வேணும்.”

அக்கா வீட்டுக்குப் போக ஏறிய திருவான்மியூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அது ஒன்றுதான் அன்று எனக்குக் கிடைத்த சௌகரியம். அக்கா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நேராக மேலேயே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா கீழே வீட்டுக்குள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பேரு இல்லாம முடியாதாடா?”

“முடியாதாம்க்கா.”

அவள் ஒரு வேட்டியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். வளையலில் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது.

“சரி, எழுது. நோட்டீஸ் வந்து அவரு படிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். தினமும் கைய மறைச்சு மறைச்சு அவருக்குச் சாதம் போடறேன். என்னாலயும் முடியலடா.”

நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று துணியை என் கையில் திணித்துவிட்டு இறங்கினாள். படிக்கட்டின் பாதிவரை போய் நின்றேன். சண்டைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. டிவி சத்தம் மட்டும் நின்றது. கொஞ்ச நேரத்தில் மாமா வெளியே வந்தார். என்னைக் கண்டால் “வா மாப்ள” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிற மனிதர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வக்கீலம்மாவின் மேசையில் அக்காவின் பெயரை என் கையாலேயே எழுதினேன். மேலே ஒரு ஆப் கம்பெனி, கீழே ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனி, நடுவில் அவள்.

மனுவைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. வசூல் போன்கள் குறைந்து, பிறகு நின்றேபோயின. வீடு அமைதியாகிவிட்டது என்று மனைவி சந்தோஷப்படுகிறாள். உண்மைதான், காப்பியை ஆறவிடாமல் குடிக்க முடிகிறது. அம்மா இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் செய்து, என்ன சமையல் என்று கேட்பாள். நோட்டீஸ் போகும்வரை ஒரு வாரமும் தவறியதில்லை. இப்போது நானே போன் செய்தாலும் மணி அடித்து ஓய்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்கப் போகும்போதும் போனை எடுத்துப்போய் வாளிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துக்கொள்கிறேன். இன்னும் அடிக்கவில்லை.