பதினோரு கிலோ நானூறு

ஒரு மழை நாளில், கிடங்கில் சாக்குத் தைக்கும் பெண் ஒருத்தி காய்ச்சலடிக்கும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலைக்கு வந்து நின்றாள். வீட்டில் விட ஆளில்லை. மேஸ்திரி பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே மூட்டைகளை நிறுத்துக் கணக்கெழுதும் எடைக்காரர் அதைப் பார்த்தார். எடை அறையின் மூலையில் காலிச் சாக்குகளை நாலு மடிப்பாக விரித்தார். குழந்தையை வாங்கிப் படுக்கவைத்து, தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். வேலை முடியும்வரை பனியனோடு நின்று எடை பார்த்தார்.

"என்னய்யா இது கோலம்?" என்று மேஸ்திரி கேட்டதற்கு, "நனைஞ்சு போச்சு, காயப் போட்டிருக்கேன்" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். அன்றைய பிரார்த்தனையில் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. முப்பத்தெட்டு வயதில்தான் நடந்தது. ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு ஒன்றரை வயதாகும்போது மனைவி ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள். இரண்டு அறை வீட்டில் அவரும் பிள்ளையும் மிச்சம். பிள்ளைக்கு அப்போது தெரிந்த வார்த்தை பத்தோ பன்னிரண்டோ. அந்த வீட்டில் இருந்த பேச்சு மொத்தமும் அவ்வளவுதான்.

கீழ்வீட்டம்மா எட்டு மாதம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவள் தன் மகன் வீட்டோடு போகப்போவதாகச் சொன்னாள். இனிமேல் நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குழந்தைகள் காப்பகம்தான் கதி. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. காப்பகம் எட்டு மணிக்குத் திறக்கும். கிடங்கில் எட்டரைக்கு முதல் லாரி எடைமேடை ஏறிவிடும். அவரிடம் இருந்தது ஒரு பழைய சைக்கிள்.

மனைவியின் அக்கா கேள்விப்பட்டு ஊரிலிருந்து வந்தாள். தங்கச்சி பிள்ளை என்றால் அவளுக்கு உயிர்.

"நான் கூட்டிட்டுப் போறேன் தம்பி. என் வீட்டுல ஆள் இருக்கு, இடம் இருக்கு."

"இல்லக்கா. நானே பாத்துக்கறேன்."

"சைக்கிள்லயா? ரெண்டே கால் வயசுப் பிள்ளையையா?"

"ஒழுங்கா கொண்டு போவேங்க்கா."

அவள் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "சரி. நீங்க தகப்பன். ஆனா ஒண்ணு, அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் நான் கேட்டுட்டு நிக்க மாட்டேன்."

மறுநாளே எடைக்காரர் சைக்கிள் கடையில் நின்றார். கடைக்காரனுக்கு வாய் நீளம், மனசு வெள்ளை.

"முன்னாடி பார் கம்பியில சின்ன சீட்டு போடலாம் அண்ணே. பாப்பா முகத்தப் பாத்துட்டே போகலாம். ஆனா உங்க நெட்டைக் காலுக்கு முட்டிய விரிச்சு வெச்சுத்தான் மிதிக்கணும். தவளை மாதிரி இருக்கும்."

"பின்னாடி?"

"கேரியர்ல பெரிய சீட்டு, முதுகுக்குச் சாய்மானம், வாரு எல்லாம் இருக்கு. ஆனா பாப்பா என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியாது."

"துணியால என் முதுகோட கட்டிக்கிட்டா?"

"தூங்கித் தலை சாஞ்சா யாரு பிடிக்கிறது? குரங்குக்குட்டின்னா அதுவே பிடிச்சுக்கும். பாப்பா பிடிக்குமா?"

எடைக்காரர் எதையும் எடை போடாமல் நம்பாதவர். பிள்ளையைக் கிடங்குக்குத் தூக்கிவந்து தராசில் நிறுத்தினார். பதினோரு கிலோ நானூறு. ஒரு பையில் அதே அளவு மணலை அள்ளி, கிராம் பிசகாமல் நிறுத்து, வாயைத் தைத்தார். இரண்டு சீட்டையும் கடைக்காரனிடம் இரவலாக வாங்கி மாற்றி மாற்றி மாட்டி, மணல் பையோடு காப்பகத்துக்கும் கிடங்குக்கும் ஒரு வாரம் ஓட்டினார். கீழ்வீட்டம்மா கிளம்ப இன்னும் பத்து நாள் இருந்தது.

காப்பகத்து ஆயா மூன்றாம் நாள் வாசலில் மறித்தாள். "தினம் வந்து வந்து திரும்பிப் போறீங்களே, மூட்டையச் சேக்கணுமா? பால் குடிக்குமா, சோறு திங்குமா?"

அவர் வெட்கத்தோடு சிரித்தார். அந்த வாரம் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முன்னால் வைத்தால் ஹேண்டில் கனத்தது, திருப்பத்தில் இழுத்தது. பின்னால் வைத்தால் வண்டி நூல் பிடித்தாற்போல் போனது. மனசு முன் சீட்டைக் கேட்டது. நாள் முழுக்க மூட்டைகளோடு நிற்கிறவருக்கு, காலையில் அரை மணி நேரம் மகளின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே போகலாமே என்ற ஆசை. ஆசைக்காக ஆபத்தை வாங்கக் கூடாது என்று பின் சீட்டையே எடுத்துக்கொண்டார்.

"சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் மறைப்பு போடணும் அண்ணே. சரக்கு அடுத்த வாரம் வரும்" என்றான் கடைக்காரன்.

"அவசரமில்லப்பா. ஒரு வாரம் ஓட்டிப் பாத்தாச்சு. ஒரு பொட்டு அசையல."

பதினேழு நாள் நல்லபடியாகப் போனது. கிளம்பும்போது பிள்ளையின் தலையில் கைவைத்து, "கடவுளே, நீயும் கூட வா" என்பார். வழியெல்லாம் காலை வெயிலில் அவருடைய நிழல் பக்கத்தில் நீளமாக ஓடும். அதன் பின்னால் ஒரு சின்ன மேடு. அதைப் பார்த்துக்கொண்டே மிதிப்பார். மேடு சாய்ந்தால் பிள்ளை தூங்குகிறாள் என்று அர்த்தம், வேகத்தைக் குறைப்பார்.

பதினெட்டாம் நாள் வானம் மூடிக் கிடந்தது. நிழல் விழவில்லை. பள்ளிக்கூட மதில் திருப்பத்தில் சக்கரம் சட்டென்று இறுகியது. குச்சி ஏதோ சிக்கிவிட்டது என்று நினைத்து, அழுத்தி இன்னொரு மிதி மிதித்தார். அப்புறம்தான் பிள்ளை வீறிட்டாள்.

கணுக்கால் பின்சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டியிருந்தது. எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் ஓடிவந்து கம்பியை வளைத்துக் காலை எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பில் விரிசல், தோல் உரிந்திருக்கிறது, ஆறிவிடும் என்றார். கடவுள் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். எடைக்காரருக்குத்தான் அந்த இன்னொரு மிதி வலது காலைவிட்டு இறங்கவே இல்லை.

வண்டியை நிமிர்த்த எடுத்துப்போன சைக்கிள் கடைக்காரன் வளைந்த கம்பிகளைத் தடவியபடி குனிந்தே இருந்தான். "நானும் யோசிக்கல அண்ணே. மணல் பைக்குக் கால் கிடையாதே" என்றான்.

மனைவியின் அக்கா வந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். அவள் திட்டவில்லை. பிள்ளையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். "கால் ஆறட்டும் தம்பி" என்று மட்டும் சொன்னாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆறு வாரம் அவர் தனியாக இருந்தார். வேலை விட்டு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பார். பிள்ளையை நிதானமாகக் கொண்டுபோய் விடலாமே என்று, எட்டரை மணி லாரியை ஒன்பதுக்குத் தள்ளச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்தார். "லாரி உங்க பிள்ளைக்காகக் காத்திருக்குமா?" என்றார் மேஸ்திரி. சைக்கிளின் பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தகட்டு மறைப்புப் போட்டார். கால் வைக்கத் தனிக் கிண்ணம், அதற்கு ஒரு வார், எல்லாம் மாட்டினார். தன் விரலை எல்லா இடுக்கிலும் நுழைத்து நுழைத்துப் பார்த்தார். எங்கும் நுழையவில்லை.

மாவுக்கட்டு பிரித்த ஞாயிற்றுக்கிழமை, பத்தொன்பது கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிவரப் போனார்.

அவரைப் பார்த்ததும் பிள்ளை லேசாக நொண்டியபடியே ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தூக்கியதும் கை சொன்னது, பன்னிரண்டு கிலோ. அறுநூறு கிராம் கூடியிருக்கிறாள். சந்தோஷமும் பட்டார், அப்படிச் சந்தோஷப்படுவதற்குக் கூச்சமும் பட்டார். இடுப்பில் வைத்தபடியே சைக்கிள் பக்கம் நடந்தார்.

அதைக் கண்டதுதான் தாமதம், பிள்ளை உடம்பை வில்லாக வளைத்து அலறினாள். இரண்டு காலையும் மடக்கி அவர் வயிற்றுக்குள் புதைத்தாள். "பாரும்மா, அப்பா மூடிட்டேன், ஒண்ணும் பண்ணாது" என்று தகட்டைத் தட்டிக் காட்டினார். தட்டிய சத்தத்துக்கு இன்னும் அலறினாள். மூன்று தடவை சீட்டில் உட்காரவைக்கப் பார்த்தார். மூன்றாவது தடவை அவளுக்கு மூச்சே அடைத்துவிட்டது.

அப்பாமேல் பயமில்லை. அப்பாவிடம் இருந்த ஒரே வழிமேல் பயம்.

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பழகிடும் தம்பி, கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள்.

"பயத்தோட தினம் நாலு கிலோமீட்டர் எப்படிக்கா கூட்டிட்டுப் போறது?" என்றார். பிள்ளையை அவள் தோளில் போட்டார். அழுது அழுது களைத்தவள் அங்கேயே தூங்கிப்போனாள். அவர் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, ஏறாமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனார். பிறகு என்னவோ நினைத்துத் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அக்கா, தூக்கத்துல 'அப்பா'ன்னு கூப்பிடுவா. அவளுக்கு ஒண்ணும் வேணாம். பக்கத்துல யாராவது 'ம்'னு சொன்னாப் போதும், திரும்பத் தூங்கிடுவா."