லுக்குட் வளைவில் வந்த டிரம்ஸ்காரர்

லுக்குட் ஊரில் ஒரு கார் பட்டறையில் நிற்கிறேன். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகும் வழியில் டயர் பஞ்சர். பட்டறைக்காரர் குணா சக்கரத்தை மாட்டிவிட்டு, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாப்போம்ணே" என்று பக்கத்தில் ஏறிக்கொள்கிறார்.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சாலை. நான் ஒரு வருடமாகக் காரில் மட்டும் கேட்கும் ஜாஸ் சிடி ஓடுகிறது. வளைவில் பிரேக்கை மிதிக்கிறேன். சர்ர்ர் என்று மென்மையாக ஓர் உரசல்.

"சத்தம் கேக்குதாண்ணே?"

"அது டிரம்ஸ் தம்பி. கம்பி பிரஷ்ஷால தோலைத் தடவுறார். பெரிய மேதை. தேவைப்பட்ட இடத்துல மட்டும்தான் வாசிப்பார்."

குணா பாட்டை நிறுத்துகிறார். "இப்ப பிரேக் போடுங்க லா."

மிதிக்கிறேன். சர்ர்ர்.

"பிரேக் பேட் தேஞ்சு போச்சுண்ணே. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நேரா கடலுக்குள்ளதான் நின்னிருப்பீங்க."

பட்டறைக்குத் திரும்பி அவர் புது பேட் மாட்டும்போது, சிடி உறையை முதன்முறையாக ஒழுங்காகப் படிக்கிறேன். பியானோ ஒருவர், பாஸ் வாத்தியம் ஒருவர். மூன்றாவது ஆளே இல்லை.

அந்த டிரம்ஸைப் புகழ்ந்து எங்கள் ஜாஸ் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று எழுதியதை அழிக்க, அவசரமாகப் போனைத் திறக்கிறேன். எல்லோரும் ஆமோதித்திருக்கிறார்கள். குழுவிலேயே மூத்த ரசிகர், அந்த டிரம்ஸ்காரர் வாசித்ததைக் கோலாலம்பூரில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாராம்.