சாவியாரின் கட்டியைச் சுமந்த எலி

வீட்டுத் தரகரின் இடுப்பில் எந்நேரமும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அதனால் அவர் சாவியார். ஒழுகும் வீட்டையும் 'தண்ணிக்குப் பஞ்சமே இல்லை' என்று பேசி முடித்துவிடுவார். புராஸ்டேட்டில் வந்த புற்றுநோய் அவரது எலும்புவரை குடியேறியபோது, "வாடகையும் தரமாட்டான், காலியும் பண்ணமாட்டான்" என்று சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. இருந்த மருந்துகளெல்லாம் கைவிரித்துவிட்டன. இந்த வருஷத்தைத் தாண்டினாலே பெரிது என்று சொல்லியிருந்தார்கள்.

ஆராய்ச்சிக்கூட டாக்டரம்மா அவருடைய கட்டியில் துணுக்கு வெட்டி, ஓர் எலியின் தோலுக்கடியில் வளர்த்தார். பிறகு புதிய மரபணு மருந்தை எலிக்கு ஏற்றினார். சளி வைரஸின் பல்லைப் பிடுங்கி, அதன் முதுகில் ஒரு மரபணுவை ஏற்றி அனுப்புகிற வித்தை அது. புற்றணுவை மட்டும் தேடிப் போய்க் கொல்லும். எலியின் கட்டி கரைந்தே போயிற்று.

"அடுத்த ஊசி எனக்குத்தான்" என்று சாவியார் தெருவெல்லாம் சொல்லிவைத்தார். கட்டி அவருடையதல்லவா, உரிமை இருக்காதா?

கூப்பிட்டார்கள். மனைவியோடு போனார்.

"ஐயா, உங்க ரத்தத்தைப் பார்த்தோம். இந்த மருந்து உங்களுக்குச் சரிவராது."

"என் கட்டிக்குச் சரிவந்துச்சே டாக்டரம்மா?"

"கட்டிக்கு வரும், உங்களுக்குத்தான் வராது. இதே சளி எப்பவோ வந்து, உங்க உடம்பே அதை அடிச்சு விரட்டியிருக்கு. அந்த எதிர்ப்பு சக்தி இன்னும் குறையல. மருந்தையும் வழியிலேயே தீர்த்துக்கட்டிடும்."

"எலிக்கு மட்டும்?"

"எதிர்ப்பு சக்தியே இல்லாத எலி ஐயா. அப்படிப் பிறக்க வெச்சிருக்கோம்."

ஆக, ஆரோக்கியம்தான் சாவியாரின் குறை. அவருக்குப் பேரம் பேசாமல் இருக்க முடியுமா?

"டபுளாப் போட்டுப் பாருங்களேன்."

"உயிருக்கே ஆபத்து."

"போடலேன்னா?"

டாக்டரம்மா பேனாவை மூடித் திறந்தார்.

"அந்த எலியாவது நல்லாருக்காம்மா?" என்றாள் மனைவி.

"நேத்துதான் வெட்டினோம். உள்ள கட்டி துளிகூட இல்லை."

"குணமானதை எதுக்கு வெட்டினீங்க?"

"குணமாயிடுச்சான்னு பார்க்கத்தான்."

விஞ்ஞானத்தில் அரைகுறைக்கு இடமில்லை.

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "கையிருப்புத் துணுக்கு தீர்ந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? உங்க கட்டி அருமையா வளருது ஐயா."

"எழுந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

சாவியார் எழுந்தார், வாசல் பக்கம் போகவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"எனக்கு ஒத்துவர்ற மாதிரி மருந்து வந்தா, முதல்ல எனக்குச் சொல்வீங்கல்ல?"

"கண்டிப்பா. அஞ்சாறு வருஷத்துல வந்துடும்."

சாவியார் பரிசோதனை மேசைமேல் ஏறி, டாக்டரம்மா காட்டிய பக்கம் திரும்பிப் படுத்தார்.