தட்டானுக்குப் பின்னால் சுசீலா

மனைவி சுசீலாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு, மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு தேக்கா கடைத்தெருவுக்குப் போனார் செல்வராஜ். வெள்ளிக்கிழமை தவறாமல் பக்கத்துக் கடையில் பூ வாங்கியவளைப் படத்துக்குச் சட்டம் போடும் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணே, இது அக்கா மாதிரியே இல்லையே. வேற நல்ல படம் இருந்தா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கொண்டாங்க."

சரி என்றார் செல்வராஜ். இரண்டு வாரமாக யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்கிறார். அவருக்கு அழுகையே வரவில்லை. மனசு மரத்துப்போய்க் கிடந்தது.

முப்பத்துநாலு வருஷம் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற மனுஷன் காப்பிக் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். இவரோ பூச்சியைக் கிட்டத்தில் படமெடுக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு தட்டானுக்குப் பின்னால் அலைய ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சுவா சூ காங்கில் இருக்கும் வீட்டிலிருந்து கிளம்பி புக்கிட் பாஞ்சாங் குளக்கரை. வெயில் ஏறிவிட்டால் தட்டான் ஓரிடத்தில் உட்காராது.

சுசீலாவும் கூடவே போவாள். முதல் நாள் கோரைக்குப் பின்னால் ஏதோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். ஊதா நிறச் சுடிதார். முன்னால் இருந்த சிவப்புத் தட்டான் அந்த ஊதாவில் அப்படி எடுப்பாக விழுந்தது. அன்றோடு அவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மடக்கு முக்காலியைப் போட்டுக் கோரைக்குப் பின்னால் உட்கார வேண்டும். சிவப்புத் தட்டானுக்கு ஊதா, நீலத் தட்டானுக்கு மஞ்சள். சனிக்கிழமை ராத்திரியே எடுத்து வைத்துவிடுவாள்.

"சுசி, கொஞ்சம் லெஃப்ட்ல நகரு. ஐயோ, ஆடாத லா!"

சரியில்லாத படத்தை அவர் அங்கேயே அழித்துவிடுவார். குப்பையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது பணிமனையில் படிந்த பழக்கம்.

"என்னங்க, வேஸ்டா?" என்பாள்.

"வேஸ்ட்."

ஒருநாள்கூட அலுத்துக்கொண்டதில்லை. இப்படி ஐந்து வருஷம்.

தேக்காவிலிருந்து திரும்பியதும் மகள் இனியாவோடு கணினி முன்னால் உட்கார்ந்தார். அவள் கைபேசியில் தேடிக் களைத்திருந்தாள். யார் போனை நீட்டினாலும் சுசீலா கையால் முகத்தை மூடிக்கொள்வாள். இருந்த படத்திலெல்லாம் பாதி உள்ளங்கை. அப்பாவின் கேமரா ஒன்றுக்குத்தான் அவள் கை உயர்ந்ததில்லை. அது தட்டானைத்தானே பார்க்கிறது!

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கண்ணில் கட்டம் கட்டமாகத் தெரியும் தட்டான்கள், இறக்கையில் நரம்பு எண்ணலாம் போல. பின்னால் வெறும் நிறம்.

"இது அம்மாவோட தீபாவளி சுடிதார்ப்பா," என்றாள் இனியா. அடுத்த படம் மஞ்சள். "இது நான் வாங்கிக் கொடுத்தது." திரையில் அந்த மஞ்சளைத் தொட்டாள். செல்வராஜ் அடுத்த படத்தைத் தட்டினார்.

ஆயிரத்துச் சொச்சம் படம் தாண்டியதும் அவள் கேட்டாள். "அஞ்சு வருஷம் பின்னாலேயே உக்காந்திருந்தாங்க. ஒண்ணுல கூடவா மூஞ்சி விழல?"

"விழுந்துச்சும்மா. தட்டான் உக்காந்திருக்கான்னு குனிஞ்சு எட்டிப் பாப்பா. அந்நேரம் பாத்து லென்ஸ் தட்டான விட்டுட்டு அவ மூஞ்சியப் புடிச்சிக்கும். பளிச்சுனு விழும். சிரிச்சிக்கிட்டுதான் இருப்பா."

இனியா நிமிர்ந்தாள். "அதெல்லாம் எங்கப்பா?"

"தட்டான் மங்கிப் போயிடுமில்ல. வேஸ்ட்னு அப்பப்பவே அழிச்சிட்டேன். அவ பாத்துக்கிட்டு இருக்கறப்பவே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. அடுத்த படத்துக்குப் போகவிருந்த விரல் நின்றுவிட்டது. இந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாகச் செல்வராஜுக்கு வலித்தது.