லிஃப்டுக்குள் கேட்ட பாடகி

பைராம் தோட்டம், பிறை தொழிற்சாலை, இப்போது மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு அனுப்பும் வேலை என்று நான் எங்கேயும் நிலைத்ததில்லை. பாட்டு கேட்பதும் அப்படித்தான். கைப்பேசியில் கொஞ்சம் ஓடவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவேன்.

போன மாதம் டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடியில், லிஃப்ட் பாதி வழியில் நின்று விளக்கும் அணைந்துவிட்டது. உள்ளே நானும் முன்பின் தெரியாத ஓர் அக்காவும். அபாய மணி வேலை செய்யவில்லை. கைப்பேசியில் லைன் இல்லை. கத்திக் கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டது.

“தம்பி, மூச்சு அடைக்குதுலா! செத்துருவேன் போல இருக்கு.”

அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை.

“எதையாச்சும் போடுப்பா. இந்த இருட்டுல சத்தமில்லாம இருக்க முடியல.”

லைன் இல்லாமல் ஓடியது ஒரே பாட்டுதான். செயலி தானாகச் சேமித்து வைத்தது. நான் எப்போதும் தாண்டிப்போகும் ஒரு பாடகி. நீளமாக ஒரு வரியை இழுத்து முடித்து அவர் மூச்சு வாங்குவது இருட்டில் தெளிவாகக் கேட்டது.

“அக்கா, அவங்க மூச்சு எடுக்கறப்ப நீங்களும் எடுங்க.”

எடுத்தார். நானும் எடுத்தேன். வெளியிலிருந்து கதவை நெம்பித் திறக்கும்வரை அதையே திரும்பத் திரும்பப் போட்டேன்.

“யாருப்பா பாடுனது?” வெளியே உட்கார்ந்து அக்கா கேட்டார்.

“தெரியலக்கா.”

“உன் போன்லதானே இருக்கு! பேரைக்கூடப் பாக்க மாட்டியாலா?”

அன்றுதான் பார்த்தேன். இப்போது அந்தப் பாடகியின் பாட்டுகளைத் தேடி முழுதாகக் கேட்கிறேன். லிஃப்டில் மட்டும் இன்னும் ஏறுவதில்லை. சாப்பாட்டுப் பையோடு, காதில் அந்தப் பாட்டோடு படியேறும்போது, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நானும் வாங்கிக்கொள்கிறேன்.