சீனுவுக்குப் பக்கத்து இடம்

ஹைதராபாத்தில் ஆளே இல்லாத சிக்னலிலும் சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்துகிறவர்கள் மொத்தம் இரண்டு பேர் என்று ராஜம் சொல்வாள். ஒருவர் அவள் புருஷன் இளங்கோவன். இன்னொருவரை அவள் இன்னும் பார்க்கவில்லை. பின்னால் நிற்கிற ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்து, "சலோ சாச்சா!" என்று கத்துவான். மனுஷன் அசைய வேண்டுமே! முக்குக் கடையில் பால் பாக்கெட் வாங்கப் போனாலும் ஹெல்மெட். வீட்டு வரியை முதல் ஆளாகக் கட்டாவிட்டால் சோறு இறங்காது.

"அதிகாரம் எல்லாம் ஆண்டவர் வெச்சது ராஜம். பைபிள்ல பவுல் சும்மாவா எழுதினாரு?" என்பார்.

"பவுல் அல்வால் சிக்னல்ல வெயில்ல நின்னாராமா?" என்று இவள் திருப்பிக் கேட்பாள்.

செகந்திராபாத் தமிழ்ச் சபையில் அவருக்கு 'கவர்மென்ட்டு' என்று பட்டப்பெயர். வேதபாட வகுப்பில் எந்த அதிகாரத்தை எடுத்தாலும் கடைசியில் கீழ்ப்படிதலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அங்கே அவர் இளங்கோவன் இல்லை, ஆசீர்வாதம். ஞானஸ்நானப் பெயர். சபையில் யார் செத்தாலும் பெட்டிக்கு முதல் தோள் ஆசீர்வாதத்துடையது, இரண்டாவது தோள் அவருடைய சிநேகிதர் கோபியுடையது. குழியருகே நின்று அடித்தொண்டையில் அவர் பாட ஆரம்பித்தால் அழாத கண்ணும் அழும்.

இப்படிப்பட்ட மனுஷனிடம் ஒரு பொய் இருந்தது. அவர் சொன்னதில்லை, அவருக்காக மற்றவர்கள் சொன்னது. தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்தவர், இங்கேதான் குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்தார். ஆனால் பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எழுதிக்கொடுத்தது: இளங்கோவன், இந்து, ஆதி திராவிடர். கிறிஸ்தவனாகிவிட்டால் அந்தச் சாதிக்கான சலுகை கிடையாது என்பது சட்டம். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் அவருக்கு ஃபிட்டர் வேலை கிடைத்தது. அதை வைத்துத்தான் மகள் லலிதாவும் அரசுப் பள்ளியில் டீச்சரானாள்.

கல்யாணமான நாளிலிருந்து புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே சண்டை இதுதான்.

"சட்டத்தை ஏமாத்திச் சாப்பிடறோம் ராஜம்."

"எது சட்டம்? போவென்பள்ளியில நம்ம ஜாதி தெரிஞ்சதும் ஒரே வாரத்துல வீட்டைக் காலி பண்ணச் சொன்னாளே வீட்டுக்காரம்மா, நீ எந்தச் சாமி கும்பிடறேன்னா கேட்டா? முழுகி எழுந்தா ஜாதி போயிடும்னு உங்க சட்டம் நம்புது. ஊர் நம்புதா?"

"நியாயம் இல்லதான். ஆனா சட்டம்."

"அப்ப போய்க் காகிதத்தைக் கிழிச்சிப் போட்டுட்டு வாங்க!"

அவர் போகமாட்டார். லலிதாவின் முகம் வந்து நிற்கும். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய், செருப்புக்குள் காலை விட்டு, திரும்பி வந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு. பாவம், அதற்குப் பரிகாரமாகத்தான் ஊரிலிருக்கிற சிக்னலுக்கெல்லாம் நின்றார் என்று ராஜத்துக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு வயதில் காய்ச்சலில் போன மகன் சீனு சபைக் கல்லறைத் தோட்டத்தில், வேப்பமரத்தடியில் இருக்கிறான். பக்கத்து இடத்தைக் கமிட்டியில் சொல்லி வாங்கி வைத்திருந்தார். "உயிரோட இருக்கறவரைக்கும் ரெண்டு பேரு. செத்தப்புறமாவது ஒரே பேரோட என் புள்ளைக்குப் பக்கத்துல படுத்துக்கறேன். அதை மட்டும் செஞ்சிடு" என்பார். "ஹவ், ஹவ், சரி, செய்யறேன். மொதல்ல நீங்க எனக்கு முன்னாடி போங்க பார்ப்போம்" என்று இவள் கேலி செய்வாள். அந்த வாயைத் தைத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறாள்.

போன வருஷம் லலிதாவுக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வருகிற நேரம் ஒரு மொட்டைப் பெட்டிஷன் போயிற்று. இவள் கிறிஸ்தவள், சர்ட்டிபிகேட் பொய், விசாரியுங்கள் என்று. விசாரணை ஆரம்பமானது. வேலை போவதோடு முடியாது, கேஸ் போடுவார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சரத்துக்கோ கம்பெனியில் ஆள் குறைத்ததில் வேலை போய் எட்டு மாதம். இரண்டு பிள்ளைகள் படிக்கின்றன. வீட்டுச் சுவரிலிருந்து வசன காலண்டர் இறங்கிப் பீரோவுக்குள் போனது. இளங்கோவன் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.  பேச்சு குறைந்துபோயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் வாங்கக் கிளம்பினவர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ராஜம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

பத்து மணிக்குக் கோபி வந்தார். தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராஜத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, இப்ப கல்லறைத் தோட்டத்துல ஆதார் ஜெராக்ஸ் இல்லாம குழி தோண்ட விடமாட்டாங்க. ஆதார்ல இருக்கற பேரும் ரிஜிஸ்டர்ல ஏறும். பெட்டிஷன் போட்டவன் அதை ஒரு போட்டோ எடுத்தாப் போதும். நீ சொல்லு, நீ என்ன சொன்னாலும் நான் நிக்கறேன்."

லலிதா காதில் அது விழுந்துவிட்டது. "அம்மா, தம்பி பக்கத்துலயே வெச்சிடலாம். வேலை போனா போகட்டும். அப்பா கேட்டது அது ஒண்ணுதானே!" என்று கதறினாள்.

சரத், தூக்கம் கலைந்து நின்ற சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க சொல்றதுதான் அத்தம்மா" என்று மட்டும் சொன்னான்.

ராஜம் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். ஆயுசு முழுக்க அவரோடு வாதாடி ஜெயிக்காத சண்டை இது. இப்போது எதிரில் பேச ஆளில்லை. ஜெயித்துவிடலாம். 

"நக்கோ, வேணாம்" என்றாள். "சுடுகாட்டுக்குச் சொல்லுங்க. விபூதி வாங்கிட்டு வாங்க."

விபூதியை யார் வைப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளே வைத்தாள். மூன்று விரலால், அழுத்தமாக, யார் போட்டோ எடுத்தாலும் தெரிகிற மாதிரி வைத்தாள். நெற்றி இன்னும் முழுசாகக் குளிரவில்லை. "மன்னிச்சுக்கோங்க" என்று காதருகே சொன்னாள்.

சபைக்காரர்கள் பதினைந்து பேர் வந்திருந்தார்கள், தொழிற்சாலை சிநேகிதர்கள் என்ற பெயரில். போதகர் வரவில்லை, அவள்தான் வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். கோபி பாடைக்குத் தோள் கொடுத்தார். தோள் கொடுத்தால் பாட்டு தானாக வந்துவிடும் அவருக்கு, முப்பது வருஷப் பழக்கம். வாயைத் திறந்தார். ராஜம் வாசலிலிருந்து தலையை ஆட்டினாள். மூடிக்கொண்டார். எத்தனையோ பேரைப் பாடி அனுப்பிய ஆசீர்வாதம் ஒரு பாட்டில்லாமல் போனார். சரத் நெருப்புச் சட்டி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு விசாரணை அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். மாலையும் குங்குமமுமாக இருந்த போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டார். சுடுகாட்டு ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"உங்கள் கணவர் என்ன மதம் அம்மா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"இந்து."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். அவர் போனபிறகு பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. புகார் தள்ளுபடி. லலிதா காகிதத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் படித்துக் காட்டினாள். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"என்ன எழுதியிருக்கு? படி."

"அப்பாவை இந்து முறைப்படி தகனம் செஞ்சது ரசீது மூலமா உறுதியாகுதுன்னு... அதையே முக்கியமான ஆதாரமா எடுத்துக்கிட்டோம்னு போட்டிருக்காங்கம்மா."

ராஜம் தலையில் அடித்துக்கொண்டாள். "உசிரோட இருந்தவரைக்கும் அந்த மனுஷன் வாயால ஒரு பொய் சொன்னதில்லடி. செத்ததும் சாட்சி சொல்ல வெச்சிட்டேனே! சட்டம் கெட்ட சட்டம்னு இப்பவும் சொல்வேன். ஆனா என்ன பிரயோஜனம்? ஜெயிச்சது நான், எரிஞ்சது அவருதானே?"

லலிதா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோபி வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று இவளே கேட்டாள்.

"சீனு பக்கத்து இடம் தங்கச்சி. காலியாத்தானே கெடக்குன்னு ஒரு குடும்பம் கேக்கறாங்க. கமிட்டிக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"குடுக்காதீங்க. எனக்கு வேணும்."

கோபி தரையைப் பார்த்தார். "லலிதா சர்வீஸ்ல இருக்கறவரைக்கும் உனக்கும் இதே கதைதானேம்மா. உன் ஆதாரும் அங்க..."

ராஜம் விரல் விட்டு எண்ணினாள். லலிதாவுக்கு முப்பத்தெட்டு. அறுபத்தொன்றில் ரிட்டயர்மென்ட். தனக்கு இப்போது அறுபத்திரண்டு.

"இருபத்து மூணு வருஷம். அதுவரைக்கும் நான் சாகாம இருந்துக்கறேன் அண்ணா. எடத்தை மட்டும் விட்டுடாதீங்க" என்றாள்.

கோபி தலையாட்டினார். ராஜம் எழுந்து உள்ளே போய், புருஷன் போனதிலிருந்து தொடாமல் வைத்திருந்த தன் பிரஷர் மாத்திரையைத் தேடி எடுத்து விழுங்கினாள்.